ஈரத்தை மேலே வையுங்கள்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் சுற்றுலா வேன் மாவனல்லையை நெருங்கும்போது சாரதி பின்னால் திரும்பி ஒரு யோசனை சொல்வார். பக்கத்தில் நல்லதொரு வாசனைத் திரவியத் தோட்டம் இருக்கிறது, பார்க்கக் காசில்லை, இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமற் போகக்கூடாது என்பார். வந்தவர்கள் இறங்குவார்கள். ஓர் இளைஞன் கறுவாப் பட்டையை உரித்துக் காட்டுவான், சாதிக்காயைப் பிளந்து காட்டுவான், கையில் எண்ணெய் தேய்த்துவிடுவான், தேநீரும் கொடுப்பான். எல்லாம் முடிந்து வெளியேறும் வழி ஒரு கடைக்குள்ளால் போகும். அங்கே சின்னச் சின்னப் போத்தல்கள், பெரிய பெரிய விலைகள். விற்பனையில் ஒரு பங்கு சாரதிக்கு என்பது, வாங்குகிறவரைத் தவிர அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும்.

நான் கடுகண்ணாவைக்காரன். டோசன் துரையின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரத்தையும், பாதை போடுவதற்காகக் குடைந்த கற்பாறையையும் பார்க்க வேன்கள் நிற்கிற ஊரில்தான் என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. முப்பது வருட ஆசிரியத் தொழில் முடிந்து இப்போது ஓய்வு. அஸர் தொழுகைக்குப் பின் தேநீர்க் கடையில் கூடினால் எங்கள் பகிடிக்கு முதலில் அகப்படுகிறவன் இந்தச் சாரதிதான். ‘கொமிசன்காரன்’ என்று ஒரே சொல்லில் அவனை முடித்துவிடுவோம். அதே வாயால், பக்கத்திலிருப்பவர் மகளின் கலியாணத்துக்கு எந்த மண்டபம் நல்லது என்று கேட்டால், நம்முடைய மருமகன் பங்குதாரராக இருக்கிற மண்டபத்தின் பெயரைக் கூசாமற் சொல்வோம். அவர் பங்குதாரர் என்பதை மட்டும் விட்டுவிடுவோம்.

ஆகவே சாரதியை இத்தோடு விட்டுவிடுகிறேன். என் வழக்கு நம்மோடுதான். முதலில் என்னோடு.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒருவர் வீடு தேடி வந்தார். மூத்த மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. அலுமாரி, கட்டில், சாப்பாட்டு மேசை எல்லாம் செய்விக்க வேண்டும். மத்திய கிழக்கில் எட்டு வருடம் நின்று சேர்த்த காசு. நம்பிக் கொடுக்கக்கூடிய பட்டறை எது என்று கேட்டார். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கண்டி வீதியில் இருந்த ஒரு தச்சுப் பட்டறையைச் சொன்னேன். “நல்ல வேலை, நேர்மையான ஆள், என்ட பேரச் சொல்லுங்கோ” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

நான் சொல்லாதவை இரண்டு. அந்தப் பட்டறைக்காரர் என் மனைவியின் தம்பி என்பது ஒன்று. பட்டறைக்கு இயந்திரம் வாங்க அவர் என்னிடம் இரண்டு இலட்சம் ரூபாய் கடன் வாங்கியிருந்தார், ஓடர் கிடைத்தால்தான் அந்தக் கடன் திரும்பும் என்பது மற்றது.

தளபாடங்கள் குறித்த நாளிலேயே போய்ச் சேர்ந்தன. கலியாண வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். நாலு மாதம் போகவில்லை, பெப்ரவரி வெயிலுக்கு அலுமாரிக் கதவுகள் இரண்டும் முறுக்கிக்கொண்டன. மேசைப் பலகையின் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. மரம் காயவில்லை. அறுத்த பலகையை இடைவெளி விட்டு அடுக்கி மாதக்கணக்கில் காற்றில் உலர்த்த வேண்டும், இல்லையென்றால் சூளையில் போட்டு உலர்த்த வேண்டும். ஓடர் அவசரத்தில் மச்சான் ஈர மரத்தை இழைத்து, மேலே பொலிஷைப் போட்டு அனுப்பியிருந்தார்.

என் மாணவர் மறுபடி வந்தார். சத்தம் போடவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“சேர், அது ஒங்கட மச்சான்ட பட்டறயெண்டு செல்லி ஈந்தாலும் நான் போயீப்பன். ஆனா இன்னும் ரெண்டு எடத்துல வெல கேட்டுட்டுப் போயீப்பன். மரம் தெரிஞ்ச ஒராளக் கூட்டிட்டுப் போயீப்பன்.”

நான் பொய் சொன்னதாக அவர் சொல்லவில்லை. நான் பொய் சொல்லவுமில்லை. மச்சானின் வேலை நல்ல வேலை என்றுதான் அன்று மனதார நம்பினேன். அவர் சொன்னது வேறு. அவர் போயிருக்கக்கூடிய இன்னும் இரண்டு கடைகளையும், கூட்டிப் போயிருக்கக்கூடிய ஒரு சோடிக் கண்களையும் நான் பறித்துவிட்டேன். உறவைத் தெரிந்துகொண்டு கேட்கிறவர் நம் பரிந்துரையைத் தூக்கி எறிந்துவிடுவதில்லை. எடைபோட்டுத்தான் எடுத்துக்கொள்வார். எடைபோடும் வேலை அவருடையது. உறவை மறைத்தபோது, அவர் கையிலிருந்த தராசை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். எட்டு வருட உழைப்பு அந்தத் தட்டில் இருந்தது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் (ஸல்) கையை விட்டுப் பார்த்த சம்பவத்தை நாம் எல்லோரும் மத்ரஸாவில் படித்தோம். விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்பதுதான் அவருக்குக் கிடைத்த கேள்வி. நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. நனைந்ததை விற்கலாம். ஈரம் மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மச்சானின் மரத்திலிருந்த ஈரம் எனக்குத் தெரியாது. என் சொல்லிலிருந்த ஈரம் எனக்கு நன்றாகத் தெரியும். அதை அடியில் வைத்தவன் நான்.

தரகு ஹராம் என்று நான் சொல்ல வரவில்லை. இமாம் புகாரியின் தொகுப்பில் தரகுக் கூலிக்கென்றே ஒரு தலைப்பு உண்டு. கூலி பேசிக்கொண்டு ஆளைக் காட்டிவிடுவது ஒரு தொழில். அந்தத் தொழிலைச் செய்கிறவர் தன்னைத் தரகர் என்று சொல்லிக்கொண்டு வருகிறார், கேட்கிறவரும் அதற்கேற்றபடி காது கொடுக்கிறார். தடுக்கப்பட்டது ‘நஜ்ஷ்’. அதாவது, வாங்கும் எண்ணமே இல்லாதவர் வாங்குகிறவர் போல நின்று விலையைக் கூட்டிக் கேட்டு அடுத்தவரைச் சிக்கவைப்பது. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது? அவர் சொல்லும் தொகையில் இல்லை. அவர் யாராக நிற்கிறார் என்பதில் இருக்கிறது. விற்பவரின் ஆள், வாங்குபவரின் தோற்றத்தில் நிற்கிறார். மச்சானின் கடன்காரன் ஆசிரியரின் தோற்றத்தில் நின்றதும் அதே சாதிதான்.

சாட்சியச் சட்டத்தையும் பாருங்கள். ஷாபிஈ மத்ஹபில் பிள்ளைக்குச் சார்பாகப் பெற்றோர் சொல்லும் சாட்சியம் ஏற்கப்படுவதில்லை. பெற்றோருக்குச் சார்பாகப் பிள்ளை சொல்வதும் அப்படியே. தனக்கே இலாபம் வந்து சேரும் விடயத்தில் ஒருவர் சொல்லும் சாட்சியமும் தள்ளப்படும். அதே தந்தை மகனுக்கு எதிராகச் சாட்சி சொன்னால் ஏற்கப்படும். ஆகவே தந்தை பொய்யர் என்பதல்ல காரணம். பாசமும் இலாபமும் நல்ல மனிதரின் கண்ணையும் சாய்க்கும் என்பது அந்தச் சட்ட அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. நாமோ “நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை” என்ற ஒரே வாக்கியத்தில் ஆயிரம் வருட அனுபவத்தைத் தாண்டிவிடுகிறோம். நானும் தாண்டியவன்தான்.

இதைப் பேசத் தொடங்கினால் வருகிற மறுப்புகள் எனக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் ஒரு காலத்தில் நானே சொல்லியிருக்கிறேன்.

சின்ன ஊர், யாருக்கு யார் உறவு என்று எல்லோருக்கும் தெரியும், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்பார்கள். தெரிந்தவர்கள் நம்மிடம் கேட்பதில்லை. கேட்டு வருகிறவர் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர், வேறூரிலிருந்து வந்து குடியேறியவர், கணவரை இழந்து முதல் தடவையாகக் கடைத்தெருவுக்கு இறங்கிய பெண். தெரியாததனால்தான் வருகிறார்கள்.

உறவைப் பேணுவது கடமையல்லவா என்பார்கள். கடமைதான். மச்சானுக்கு உதவ வேண்டுமானால் என் காசில் ஒரு மேசை செய்வித்திருக்கலாம். மாணவரின் மகளுக்கென்று வைத்திருந்த காசில் நான் உறவைப் பேணியதற்கு நன்மை எழுதப்படும் என்று எந்த மௌலவி சொல்வார்?

சாமான் உண்மையிலேயே நல்லதென்றால் உறவைச் சொல்லி ஏன் கெடுக்க வேண்டும் என்பார்கள். நல்ல சாமானுக்கு உறவைச் சொல்வதால் ஒன்றும் வந்துவிடாது. சொன்னால் கெட்டுவிடும் என்று பயப்படுகிற இடத்தில்தான் எதையோ மறைக்கிறோம்.

ஆனால் உறவைச் சொல்லிவிட்டால் கழுவிவிட்ட மாதிரி என்றும் நான் நினைக்கவில்லை. “நம்மட மச்சான்தான், கண்ண மூடிட்டுப் போங்கோ” என்று சிரித்துக்கொண்டே சொல்வது மறைத்ததைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏமாற்று. உறவைச் சொன்னவர் தனக்குத் தெரிந்த குறையையும் சொல்ல வேண்டும். ஆலோசனை கேட்கப்பட்டவர் அமானிதம் சுமக்கிறார் என்பது நமக்கு ஹதீஸ் வழியாக வந்த பாடம். அமானிதத்தில் பாதியைக் கொடுத்துவிட்டுப் பாதியைக் கையில் வைத்திருக்க முடியாது.

இன்னொரு மறுப்பு இருக்கிறது. அதை இலேசாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2018 மார்ச்சில் திகனையில் நம் கடைகள் எரிந்தன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதே என்ற பிரசாரம் ஊர் ஊராக நடந்தது. அப்போது ‘நம்மவர் கடையில் வாங்குங்கள்’ என்று நாமெல்லாம் சொன்னோம். நானும் சொன்னேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இவர் நம்மவர், அடிபட்டிருக்கிறார், இரண்டு ரூபாய் கூடினாலும் இவரிடம் வாங்குங்கள் என்று சொல்வதில் ஒளிப்பு எதுவும் இல்லை. காரணம் மேலே இருக்கிறது, விரும்பியவர் ஏற்பார். நான் எதிர்ப்பது அதற்குப் பின் முளைத்த பழக்கத்தை. மைத்துனரின் கடைக்குச் ‘சமூகத்தின் கடை’ என்று பெயர் வைத்து, விலை கேட்கிறவரைச் சமூகத் துரோகி என்று வாயடைக்கிறோம். எரிந்த கடைக்காரரின் துயரத்தைக் குடும்பச் சரக்குக்கு உறையாகப் போடுவதைவிட அவருக்குச் செய்யும் அநியாயம் வேறில்லை.

ஒரு அலுமாரிக் கதவுக்கு இவ்வளவு பேச்சா என்று யாருக்காவது தோன்றலாம். அதே மௌனம் பெரிய காசைச் சந்திக்கும்போது என்ன நடக்கும் என்று பார்ப்போம். பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்றொரு நிறுவனம் ‘ஹலாலான இலாபம்’ என்று சொல்லி, பெரும்பாலும் முஸ்லிம்களிடமிருந்தே முதலீடு திரட்டியது. 2019 ஜூனில் அதன் உரிமையாளர் நாட்டைவிட்டுப் போனார், அடுத்த மாதம் டில்லியில் கைதானார். நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் முறைப்பாடு செய்தார்கள். அந்த நிறுவனத்தை நம்பலாம் என்று மக்களிடம் பேசிய மார்க்க அறிஞர் ஒருவர், உரிமையாளரிடமிருந்து வீடு பெற்றார் என்ற குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டைத் தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. என் கேள்வி அதற்கு முந்தியது. ஒரு நிறுவனத்தைப் பற்றி மிம்பரிலோ மேடையிலோ நல்ல வார்த்தை சொல்லும் ஒருவரிடம், உங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எழுந்து கேட்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதா? கேட்டால் அதை அதபு கெட்ட செயல் என்றல்லவா வளர்க்கப்பட்டிருக்கிறோம்?

நம் நாட்டில் பிரமிட் திட்டங்களை 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவு தடைசெய்கிறது. 2023இலும் மத்திய வங்கி அத்தகைய திட்டங்களைப் பெயர் பெயராகச் சொல்லி எச்சரிக்க வேண்டியிருந்தது. சட்டம் இருந்தும் இவை ஏன் சாவதில்லை? இவற்றுக்குப் பத்திரிகை விளம்பரம் தேவைப்படுவதில்லை. சாச்சாவின் மகன் வீட்டுக்கு வருகிறான், உம்மாவைச் சுகம் விசாரிக்கிறான், பிறகு ‘நல்ல திட்டமொன்று ஈக்கிது’ என்கிறான். நீங்கள் சேர்ந்தால் அவனுக்குப் பங்கு விழும் என்பதைச் சொல்வதில்லை. உறவு என்ற கதவாலேயே அது உள்ளே வருகிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் உபமுகவரும் இப்படித்தான். தலைக்கு இவ்வளவு என்று தனக்குக் கிடைப்பதை அவர் சொல்வதில்லை, ‘நல்ல வீடு, நல்ல மனுசர்’ என்றுதான் சொல்கிறார். நம்பிப் போகிற பெண்ணுக்கு அவர் பக்கத்து வீட்டு நானா.

இனி எழுத்துக்காரர்களாகிய நம்மிடம் வருகிறேன். இந்தச் சஞ்சிகையின் வாசகர்களில் பாதிப் பேர் எழுதுகிறவர்கள் என்பதால் கொஞ்சம் கசப்பாக இருக்கும்.

நூல் வெளியீட்டு விழாவில் முதற்பிரதியைப் புரவலர் பெற்றுக்கொள்கிறார். அச்சுச் செலவில் பெரும்பகுதி அந்த உறையில் இருக்கிறது. நல்ல காரியம். அவர்கள் இல்லாவிட்டால் நம்மில் பலருடைய புத்தகம் பெட்டியிலேயே உக்கிப்போயிருக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு சிறப்பு மலரில் அதே எழுத்தாளர், அந்த ஹாஜியாரின் நகைக்கடையை ‘நேர்மையின் மறுபெயர்’ என்று எழுதுகிறார். மலரை வாசித்த ஒரு தகப்பன் மகளின் கொடியை மாற்ற அந்தக் கடைக்குப் போகிறார். அச்சுக் கணக்கு எழுத்தாளருக்குத் தெரியும், ஹாஜியாருக்குத் தெரியும். கொடியைக் கழற்றிக் கொடுக்கிறவருக்கு மட்டும் தெரியாது. கடை உண்மையிலேயே நேர்மையான கடையாக இருக்கலாம். அப்படியென்றால் ‘என் நூலுக்கு அனுசரணை தந்தவர்’ என்ற ஒரு வரியை எழுத என்ன தடை?

மதிப்புரைகளிலும் இதே கதை. அணிந்துரை எழுதியவரே மதிப்புரையும் எழுதுகிறார். பதிப்பகம் நடத்துபவரின் மைத்துனர், அந்தப் பதிப்பகத்தைவிட்டால் வேறு வழியில்லை என்று புதிய எழுத்தாளர்களுக்குப் புத்தி சொல்கிறார். வாசகர் தன் நானூறு ரூபாயையோ ஆயிரம் ரூபாயையோ நம் சொல்லை நம்பித்தான் செலவிடுகிறார். வாசனைத் திரவியத் தோட்டத்துச் சாரதிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டால், அவர் வேனை ஓட்டுகிறார் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உலகம் இதற்கு வழி கண்டிருக்கிறது. நம் நாட்டின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கம்பனியின் கொடுக்கல் வாங்கலில் தனக்கு அக்கறை இருந்தால் பணிப்பாளர் அதை வெளிப்படுத்த வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2009இல் தன் வழிகாட்டலைத் திருத்தி, ஒரு பொருளைப் புகழ்கிறவர் விற்பவரோடு தனக்குள்ள தொடர்பைச் சொல்ல வேண்டும் என்றது. 2019இல் அது வெளியிட்ட கையேடு, காசும் வேலையும் போலவே குடும்ப உறவும் சொல்லப்பட வேண்டிய தொடர்பு என்று விளக்குகிறது. இந்திய அரசு 2023 ஜனவரியில் இதே போன்ற வழிகாட்டலை வெளியிட்டது. ஈரத்தை மேலே வைக்கும்படி ஏழாம் நூற்றாண்டிலேயே கேட்டுக்கொண்ட ஒரு சமூகம், இதை வோஷிங்டனிலிருந்து கற்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்தான்.

நான் கேட்பது பெரிய காரியமல்ல. ஒரு வாக்கியம். ‘இது என் மச்சானின் பட்டறை, அவர் எனக்குக் கடன்பட்டிருக்கிறார், வேலை நல்லதென்று நினைக்கிறேன், நீங்களும் இரண்டு இடத்தில் பாருங்கள்.’ சஞ்சிகைகளில் மதிப்புரைக்குக் கீழே ஒரு வரி. மலரில் புரவலரைப் பற்றிய கட்டுரைக்குக் கீழே ஒரு வரி. கேட்கிறவருக்கு மரியாதை செய்ய இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

மாணவரின் அலுமாரிக்கும் மேசைக்கும் காய்ந்த மரத்தில் புதிதாக வேலை செய்துகொடுக்கும்படி மச்சானிடம் சொன்னேன். செலவை என் கடனில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். கழித்துவிட்டார். என் வீட்டில் இன்றைக்கும் அதைப் பற்றிய கதை ஓயவில்லை. தம்பியைச் சபையில் வைத்துக் காட்டிக்கொடுத்தேன் என்பது மனைவியின் வாதம். இந்தக் கட்டுரைக்குப் பின் அது இன்னும் கொஞ்சம் நீளும்.

கடைசியாக என் பக்கத்து ஈரத்தையும் மேலே வைத்துவிடுகிறேன். இந்தச் சஞ்சிகையின் ஆசிரியர் எனக்கு உறவில்லை. ஆனால் என் முதல் சிறுகதைத் தொகுதிக்கு வந்த ஒரே நல்ல மதிப்புரை இதில்தான் வந்தது, எழுதியவர் என்னோடு ஒரே பாடசாலையில் கற்பித்தவர். அந்த மதிப்புரையை நம்பி என் புத்தகத்தை வாங்கியவர்களுக்கு அது தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.